கெஜட் வந்த பிறகும் உடன் வாருங்கள்: சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சட்டக் கல்லூரி மாணவ மாணவிகளுக்கு,

வணக்கம். நான் வக்கீல் இல்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே தட்டச்சும் ஜெராக்ஸும் போடும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 22 வருடமாக அடுத்தவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எல்லா மனுவும் என் கையால் போயிருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது பெயர் மாற்றம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பட்டாவுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றே நாலு பேரிடம் வழி கேட்டுவிடுவார்கள். பெயர் மாற்ற வருகிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அப்புறம்தான் மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

உங்கள் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. எங்கள் ஊருக்கும் வருடத்துக்கு ஒரு முறை உங்களைப் போன்ற பிள்ளைகள் முகாம் போட வருகிறார்கள். துண்டறிக்கை கொடுக்கிறார்கள், நன்றாகவும் பேசுகிறார்கள். சாயங்காலம் வேன் கிளம்பிவிடுகிறது. அந்த வேன் போன மறுநாள் காலையில் என் கடைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தார். வயது 34, பனியன் கம்பெனியில் வேலை. பெயர் போதும்பொண்ணு. வீட்டில் அஞ்சாவது பெண். நம் ஊர்ப்பக்கம் வரிசையாகப் பெண் பிறந்தால் அடுத்தது ஆணாக இருக்கட்டும் என்று போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெயர் வைத்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேங்கில் டோக்கன் எண்ணோடு பெயரையும் கூப்பிடும்போது வரிசையில் யாராவது சிரிப்பார்களாம். மகள் பள்ளிக்கூடத்தில் அம்மா பெயரைச் சொல்லத் தயங்குகிறாள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் முடிவு செய்திருக்கிறார். கயல்விழி என்று பெயரும் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

படிவத்தில் ‘பெயர் மாற்றத்துக்கான காரணம்’ என்ற இடம் வந்ததும், “அக்கா, இதுல என்னன்னு எழுதுறது?” என்று கேட்டார். ‘சொந்த விருப்பம்’ என்று போட்டால் போதும் என்றேன்.

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். 34 வருடம் சுமந்ததை இறக்கிவைக்க இரண்டு வார்த்தை போதுமா என்று அவரால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்களில் பலர் இதைப் பாடத்தில் தாண்டி வந்திருக்க மாட்டீர்கள் என்பதால் வேலை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயது நிறைந்தவர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் படிவத்தை நிரப்ப வேண்டும். புகைப்படம் ஒட்டி, அரசு அதிகாரியிடமோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் ஆதாரம் வைத்து, கட்டணத்தோடு சென்னை அண்ணா சாலையில் உள்ள அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழின் (இதைத்தான் கெஜட் என்கிறோம்) ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் அறிவிப்பு வரும். அரசிதழ் வாரம்தோறும் புதன்கிழமை வெளிவரும். துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கி எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அறிவிப்பை ஒரு தடவையாவது எடுத்துப் படித்துப் பாருங்கள். இன்னாருடைய மகளாகிய நான், இந்தத் தேதியில் பிறந்தவள், பூர்வீக மாவட்டம் இது, குடியிருக்கும் முகவரி இது, இனிமேல் இந்தப் பெயரால் அறியப்படுவேன். நாலைந்து வரிதான். கயல்விழி அதை என் கடையில் நின்றபடி விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அதே பிரிவின் தொடக்கத்தில் வேறு ஒரு வாசகமும் இருக்கும். இந்த அறிவிப்புகளுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, பின்விளைவுகளுக்கு அறிவிப்பவரே முழுப் பொறுப்பு என்று. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே அதைப் படிக்கவில்லை.

நான் தப்பு செய்தது அங்கேதான். கெஜட் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்து அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் நேராக பேங்குக்குப் போனார். முதலில் ஆதாரை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். ஆதார் மையத்தில் உட்கார்ந்திருந்த பையன் ‘ழி’ என்பதற்கு ‘எல்’ போட்டு அடித்துவிட்டான். கெஜட்டில் ‘இசட் எச்’ இருந்தது. திரையில் சரிபார்க்கச் சொல்லியிருப்பான், இவரும் தலையாட்டியிருப்பார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தத் திரையில் என்ன தெரியும்? பான் கார்டுக்குப் போனபோது கெஜட்டும் ஆதாரும் ஒத்துப்போகவில்லை. மறுபடி ஆதாரைத் திருத்தினார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். அவருடைய இரண்டு வாய்ப்பும் ஒரு எழுத்துக்காகத் தீர்ந்துபோயின. நடுவில் கம்பெனி மாறியதில் பழைய பி.எஃப். பணத்தை எடுக்கப் போட்ட விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போயிற்று. மேஸ்திரி முன்னால் நின்று லீவு கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் பழைய பெயரைச் சொல்லியே விளக்க வேண்டியிருந்தது.

எதை விட்டு வந்தாரோ அதையே ஆபீஸ் ஆபீசாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்திருக்காது. ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்து எழுத்தாக முடிவு செய்து, அதைப் பெரிதாக எழுதி அவர் பையில் வைத்திருக்க வேண்டும். கெஜட்டுக்கு அடுத்து ஆதார், அப்புறம் பான், பேங்க், பி.எஃப்., ரேஷன், வாக்காளர் அட்டை என்ற வரிசையையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு அட்டை கையில் வந்து, அதில் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாசல். இதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஆள்தான் தேவை.

இனி இனிஷியல். இதற்குத் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். குடும்பப் பெயர் இல்லாமல் வாழ்கிற ஊர் நம்முடையது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதை இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் படிவம் தயாரிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கு. முருகேசன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் முருகேசன் கு. என்று இருக்கலாம். பான் கார்டு இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அங்கே அவர் முருகேசன் குப்புசாமி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டில் வேலைக்குப் போனால் எல்லோரும் அவரை ‘மிஸ்டர் குப்புசாமி’ என்று அவர் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து. மனுஷன் ஒருவர்தான், காகிதத்தில் நாலு பேர். அவர் எதையும் மாற்றவில்லை என்பதுதான் கொடுமை. மாற்றாதவரும் கடைசியில் பெயர் மாற்றப் படிவத்தோடு என் கடைக்கு வந்து நிற்கிறார்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல் என்று யாரோ எழுதிவிடுகிறார்கள். கல்யாணம் ஆனால் பெயரையோ இனிஷியலையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதை நான் பார்த்த பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அறியவில்லை. ரேஷன் கார்டில் ஒன்று, பேங்கில் ஒன்று, நிலப் பத்திரத்தில் ஒன்று என்று இருக்கும். கணவர் இறந்த பிறகு அவர் பணத்தை வாங்கப் போகும்போதுதான் இது வெளியே வரும். காரியம் முடிந்து பதினாறு நாள்கூட ஆகாத பெண்ணிடம், “இந்த எழுத்து யாரு, அந்த எழுத்து யாரு” என்று கேட்பதை என் கடை வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் அடித்துக் கொடுப்பேன். சில இடத்தில் எடுத்துக்கொள்வார்கள், சில இடத்தில் கெஜட் கேட்பார்கள். ஏன் இங்கே போதும், அங்கே போதாது என்று கேட்கிற தைரியம் அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் இருக்காது. உங்களுக்கு இருக்கும். முடியாது என்றால் முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்கும் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தப் பேச்சின் தொனியே மாறிவிடும்.

படிப்புச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம், உங்களுக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிவிட்டால் அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு. தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கூடம் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுக்கிறதே, அப்போது பிடித்தால் பத்து நிமிட வேலை. அந்த மாதத்தில் நீங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். அதற்கு ஈடான சட்ட உதவி வேறு எனக்குத் தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழும் அப்படியே. குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பதியலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற பிறப்புச் சான்றிதழை லேமினேஷன் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் அம்மாக்கள் இன்னும் என் கடைக்கு வருகிறார்கள்.

2021 ஜூன் 3ஆம் தேதி ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெயர் என்பது ஒருவருடைய அடையாளத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று சொல்லி, சான்றிதழில் அதை மாற்றக் கேட்பவர்களை சிபிஎஸ்இ ஒரேயடியாக மறுக்கக் கூடாது என்று தீர்ப்புத் தந்தது. இதை எனக்குச் சொன்னது உங்களைப் போல ஒரு மாணவிதான். ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் என் தலைமாட்டில் ஒட்டியிருந்த பெயர் மாற்றப் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதை எப்படி எடுத்து வாதாடலாம் என்பது உங்கள் வகுப்பில் பேச வேண்டியது. நான் கேட்பதெல்லாம், அந்தப் பேச்சு வகுப்பறையோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான்.

இன்னொன்று எழுதியாக வேண்டும். எழுதக் கை கூசினாலும் எழுதுகிறேன்.

சில வருடத்துக்கு முன் ஒரு திருநங்கை வந்தார். அழகாகச் சேலை கட்டி, கோப்பில் எல்லாக் காகிதத்தையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நான் வழக்கம்போலச் சான்றிதழை வாங்கி, தட்டச்சு செய்வதற்காக அதிலிருந்த பழைய பெயரைச் சத்தமாக வாசித்தேன். யாருடைய பெயராக இருந்தாலும் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பது என் பழக்கம். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பை மூடி, “அப்புறமா வரேம்மா” என்று போனவர் திரும்ப வரவே இல்லை. அன்றிலிருந்து யாருடைய பழைய பெயரையும் நான் வாய்விட்டு வாசிப்பதில்லை. காகிதத்தில் விரல் வைத்துக் காட்டித் தலையசைக்கச் சொல்வேன். ஒரு கெட்டியான அட்டையைக் கணினிக்குப் பக்கத்தில் மறைப்பாகவும் வைத்திருக்கிறேன்.

2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் சான்றிதழை வைத்து எல்லா ஆவணத்திலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்தது. சட்டம் இருக்கிறது. அது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், என்னைப் போல மனு அடிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. சட்டப் பிரிவின் எண்ணைவிட முக்கியமாக, எப்படிக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியவில்லை.

உதவி செய்ய ஆள் இல்லாத இடத்தில் புரோக்கர் வருவார், அது உலக வழக்கம். ஒரு பெரியவரிடம் கெஜட்டுக்கு 9,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அரசு வாங்கும் கட்டணத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. பணம் போனதோடு விடவில்லை. அவர் சொல்லாத ஒரு ஸ்பெல்லிங்கை எண் கணிதப்படி நல்லது என்று அவர்களே சேர்த்து அச்சேற்றிவிட்டார்கள். எண் கணிதம் பார்த்து மாற்றுவது அவரவர் விருப்பம், நான் குறை சொல்ல மாட்டேன். கேட்காமல் செய்ததைத்தான் சொல்கிறேன். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்றும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்றும் நான் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருந்தாலும் போனில் கேட்பதற்கும் ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

“எதுக்கும்மா இந்த வயசுல பேரை மாத்துறே?” என்று இவர்களிடம் கேட்காத ஆபீஸ் இல்லை. உங்களில் யாரும் அதைக் கேட்காதீர்கள். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்களையெல்லாம் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்ட மண் இது. இந்த மாநிலமே 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு ஆயிற்று. ஒரு அரசாங்கத்துக்கே ஒன்றரை வருடம் ஆன வேலை. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் தனியாக அலைந்தால் எத்தனை நாள் ஆகும்?

அதே சமயம், மாற்றச் சொல்லி யாரையும் தள்ளவும் வேண்டாம். பிச்சை என்று பெயருள்ள ஒரு தாத்தா எனக்குத் தெரிந்தவர். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, இதுவாவது தங்கட்டும் என்று அவர் அம்மா கோயிலில் மடிப்பிச்சை ஏந்தி வைத்த பெயர் அது. ஒரு முறை யாரோ மாற்றலாமே என்றபோது, எங்கம்மா கேட்டு வாங்கினது என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு ‘ச்’ விட்டுப்போனதைத் திருத்துவது மட்டும்தான். முதலில் முழுக்கக் கேளுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு பேர், ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். உங்கள் பேராசிரியர்களிடம் பேசுங்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அனுமதி வாங்குங்கள். ஒரு நாளில் இருபது படிவம் நிரப்பினோம் என்று கணக்கு வேண்டாம். ஒருவரை எடுத்தால் அவருடைய கடைசி அட்டை வரும்வரை அவரை விடாதீர்கள். ஒரு நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செமஸ்டர் முடிந்து நீங்கள் போனால் அந்தப் பக்கத்தை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கயல்விழிக்கு எல்லா அட்டையும் ஒரே எழுத்தில் வந்து சேர இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆயிற்று. அவர் விஷயத்தில் என் நோட்டில் இன்னும் ஒரு வரி அடிக்கப்படாமல் இருக்கிறது. மகளுடைய பள்ளிப் பதிவேட்டில் அம்மா பெயர் மாற வேண்டும். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் முடிக்க வேண்டும்.

என் கடைக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு பெஞ்ச் கிடக்கிறது. மதியம் மூன்று மணிவரை நிழல் இருக்கும். திங்கட்கிழமை எல்லோரும் மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடுவார்கள், அதனால் செவ்வாய்க்கிழமை வாருங்கள். மேசை நான் தருகிறேன், ஜெராக்ஸுக்கும் உங்களிடம் காசு வாங்க மாட்டேன். முதல் செவ்வாயன்று கயல்விழியையும் மகளையும் பத்து மணிக்கு வரச் சொல்லி வைக்கிறேன். யார் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தாலுகா ஆபீஸ் எதிரில் மனு அடிக்கும் ஒரு அக்கா